வெள்ளி நாக்கு

ஊரில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் பேர் வைத்தவள் என் மதினி. அதனாலேயே அவள் பேரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. யாரையும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவளுக்கு ஆகாது. பெற்றவர்கள் வைக்கிற பேர் பிள்ளையோடு பழகிப் பார்க்காமல் வைத்தது, அது எப்படிக் கணக்கில் சேரும் என்பாள். நாலு நாள் பழகிப் பார்த்துவிட்டு வைப்பதுதான் பேராம்.

அவள் என் அண்ணன் பெண்டாட்டி. நாங்கள் நகை வேலை செய்கிற ஆசாரிக் குடும்பம். காரைக்குடியில் செக்காலைப் பக்கம் வீடு, முன்னறைதான் பட்டறை. அவள் சிவகங்கையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது அறுபதுகளில். வந்த கொஞ்ச நாளைக்குள் எங்கள் வீட்டில் யாருக்கும் பழைய பேர் இல்லை என்று ஆகிப்போனது.

அண்ணனுக்கு அவள் வைத்த பேர் சாமணம். நகைக்காரர்கள் கல்லைப் பொறுக்கி வைக்கிற சின்ன இடுக்கிதான் சாமணம். அண்ணன் வார்த்தையையும் அப்படித்தான், ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைப்பார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. என் அம்மா, அதாவது அவளுடைய மாமியார், தாசில்தார். அம்மா எதையும் நேரில் வந்து பார்த்தால்தான் ஒப்புக்கொள்வாள். அரிசி களைந்தாச்சா என்று கேட்பாள். களைந்தாச்சு என்று சொன்ன பிறகு பானைக்குள் கையை விட்டும் பார்ப்பாள். "தாசில்தார் ஸ்தலத்தைப் பாத்துட்டாக, இனிமே உலையில போடலாம்" என்று மதினி அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

வேலை கொடுக்க வருகிறவர்களும் தப்பவில்லை. செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் கழுத்துருத் தாலிக்கு உருப்படி செய்யக் கொடுத்திருந்தார். அடிக்கடி வந்து தராசைப் பார்த்து, இன்னொரு தரம் நிறுங்க, இன்னொரு தரம் நிறுங்க என்பார். அவருக்கு 'இன்னொருதரம் ஆச்சி' என்று பேர் வந்தது. ஒருநாள் அது ஆச்சி காதிலேயே விழுந்துவிட்டது. வேலை போச்சு என்று அண்ணன் வெளிறிப்போனார். ஆச்சி ஒன்றும் கோபப்படவில்லை. அந்தப் பேரையும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே போனார்.

நான் உப்பளம். கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஒருநாள் அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில், நான் ரசம் வைக்கிறேன் என்று பெருமையாக அடுப்படிக்குள் போனேன். பேச்சு வாக்கில் உப்பை இரண்டு தரம் போட்டிருக்கிறேன். மதினி ஒரு மடக்குக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏங்க, உங்க தங்கச்சிய அடுத்த தெருவுல குடுத்தோமா, தொண்டிக் கடக்கரையில குடுத்தோமா?" என்று அண்ணனைக் கேட்டாள். தீர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு பேர் கிடையாது.

நானும் வாய் செத்தவள் இல்லை. நாத்தனார் என்று ஒருத்தி இருந்து மதினியோடு சண்டை போடாவிட்டால் அந்த உறவுக்குத்தான் என்ன மரியாதை? தினமும் மத்தியானம் என் வீட்டு வேலையை முடித்துவிட்டு இங்கே வருவேன். வருவது அம்மாவைப் பார்க்க என்று பேர். உண்மையில் மதினியோடு மல்லுக்கட்டத்தான். அவளுக்குத் திருப்பி ஒரு பேர் வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எதை வைத்தாலும் ஒட்டவில்லை. அவளே அதைக் கேட்டுவிட்டு, பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார் என்று ஆறுதல் சொல்வாள். எரிச்சல் எரிச்சலாக வரும்.

அம்மாவுக்குத்தான் அந்த வாய் பிடிக்கவே இல்லை. அம்மாவின் அண்ணன் ரங்கூனில் இருந்து வந்தவர். அவர் வந்து உட்கார்ந்தால் ரங்கூன் கதைதான்; சோறு ஆறினாலும் கதை ஆறாது. மதினி அவருக்கு ரங்கூன் ரேடியோ என்று வைத்தாள். ஒருநாள் இலை போட்டாயிற்று, மாமா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். ரேடியோவை நிறுத்தினால்தான் சாம்பார் ஊற்றலாம் என்று அடுப்படியில் இருந்து சொன்னது கூடம் வரைக்கும் கேட்டுவிட்டது. மாமா இலையைத் தொடாமல் எழுந்து போனவர் அப்புறம் பல காலம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. கூடப்பிறந்தவன் கையை நனைக்காமல் போய்விட்டானே என்று அம்மா அழுதாள். அன்றைக்கு அம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். அது எங்களுக்குத் தெரியவந்தது பிற்பாடு.

மதினிக்கு வலிப்பு இருந்தது. அதற்கும் அவள் ஒரு பேர் வைத்திருந்தாள்: விருந்தாளி. சொல்லாமல் வரும், வந்தால் வீட்டையே புரட்டிப் போடும், போன பிறகு உடம்பெல்லாம் அலுப்பாக இருக்கும், வேறென்ன பேர் வைக்கிறது என்பாள். எப்போதாவது வந்துகொண்டிருந்தது, இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தது. அடுப்புப் பக்கம், கிணற்றுப் பக்கம் அவளை விடவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். சமையல் என் தலையில் விழுந்தது. என் வீட்டில் ஒரு உலை, இங்கே ஒரு உலை. நான் பொங்கிப் போட, அவள் நடையில் உட்கார்ந்துகொண்டு குறை சொன்னாள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மற்ற வீட்டில் சாவிக்கொத்தைத் தேடுவார்கள். எங்கள் வீட்டில் தேட வேண்டியதில்லை, பட்டறை நிறைய இரும்புதான். ஒருநாள் பகலில் அண்ணனுக்கு மோர் கொண்டுபோனவள், ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, பாதி வார்த்தையிலேயே சாய்ந்துவிட்டாள். அண்ணன் பதறிப்போய்க் கைக்குக் கிடைத்த குறடை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டார். அந்தக் குறடு அதுவரைக்கும் உமிக்கனல் சட்டியில் கிடந்தது. மனுஷனுக்கு அது நினைவில் இல்லை. அவள் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் எங்களுக்கே புரிந்தது.

அண்ணன் சுவரில் தலையை மோதிக்கொண்டார். தெளிந்து எழுந்த மதினி கையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் முத்திரை குத்தணும்னு தோணுச்சாக்கும்?" என்றாள். வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாய் மட்டும் அடங்கவில்லை. அப்பேர்ப்பட்டவள்.

அந்தப் புண்ணுக்கு மருந்து போடப் போன இடத்தில்தான், எப்படிச் சுட்டது என்று டாக்டர் கேட்டு, வலிப்புக்கதை வெளியே வந்தது. இதற்கு மாத்திரை இருக்கிறதே, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கடிந்துகொண்டு எழுதிக் கொடுத்தார். சின்ன வெள்ளை மாத்திரை. விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். அந்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு எல்லா ஊரிலும் கொடுத்த மாத்திரைதான். விருந்தாளியும் வருவதை நிறுத்திக்கொண்டது. வாரம் போனது, மாதம் போனது, வரவே இல்லை. நாங்கள் அடைந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஆனால் மதினியும் மெல்ல மெல்லக் காணாமல் போனாள்.

ஆள் அங்கேதான் இருந்தாள். குளித்தாள், தலை வாரினாள், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாள். சொன்னதைச் செய்தாள். சொல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதலில் தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தோம். அப்புறம் கவனித்தேன், அவள் யாரையும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் உள்ளே நுழைந்தால், "வா" என்பாள். அவ்வளவுதான். உப்பளம் கிடையாது, ஒன்றும் கிடையாது. வழி தெரியாமல் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. இன்னொருதரம் ஆச்சி வந்து தராசுக்கு முன்னால் நின்று, வேண்டுமென்றே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மதினி நிமிரவே இல்லை. ஆச்சி போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைக்கு என்னம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தெருவுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. அடக்கமான மருமகள் என்று நல்ல பேர் வந்துவிட்டது. மாமியாரை எதிர்த்து ஒரு சொல் இல்லை, இருக்கிற இடம் தெரியவில்லை, மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாலு வீட்டில் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். வாய்க்கு வாய் பேசியபோது அவளைக் கண்டு ஒதுங்கியவர்களெல்லாம் வந்து உட்கார்ந்து புகழ்ந்தார்கள். ரங்கூன் மாமாகூட ஒருநாள் வந்து, வயிறாரச் சாப்பிட்டு, கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை?

அந்தச் சமயத்தில்தான் அம்மா அண்ணனிடம் ஒரு வெள்ளி நாக்கு வெட்டித் தரச் சொன்னாள். நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாள் அம்மனுக்குக் கண் நோய்க்காரர்கள் வெள்ளியில் கண்மலர் செய்து போடுவார்கள். எங்கள் பட்டறையிலும் அதைச் செய்து கொடுப்பதுண்டு. நாக்குக்கு நேர்ந்தவள் எங்கம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். மாமா சாப்பிடாமல் எழுந்து போன அன்றைக்கு, என் மருமகள் வாயை அடக்கிக் கொடு ஆத்தா, வெள்ளியில் நாக்குச் செய்து போடுகிறேன் என்று வேண்டியிருக்கிறாள். ஆத்தா அடக்கிக் கொடுத்துவிட்டாள் என்று அம்மா நம்பினாள். மாத்திரை நிறுத்தியது வலிப்பை மட்டும்தானாம், வாயை அடக்கியது அம்மனாம்.

அண்ணன் வேலையில் உட்கார்ந்தார். தகட்டை எடுத்தார், வெட்டினார், தட்டில் போட்டுவிட்டார். மெருகு போடவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் வெள்ளி சரியில்லை என்பார், அரம் மழுங்கிவிட்டது என்பார், அவசர வேலை வந்துவிட்டது என்பார். அந்த நாக்கு தட்டின் ஓரத்தில் கறுத்துப்போய்க் கிடந்தது. பட்டறைக்குள் போகும்போதெல்லாம் என் கண் அதில்தான் விழும்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் நான் ஒரு வேலை செய்தேன். தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். புளிக்குழம்பு வைத்தேன், கை கொண்ட மட்டும் உப்பை அள்ளிப் போட்டேன். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மதினிக்கு மட்டும் அதை ஊற்றினேன். மனுஷர் வாயில் வைக்க முடியாத குழம்பு. ஒரு வாய், ஒரே ஒரு வாய் போதும், என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள் என்று ஆசை ஆசையாக எதிரில் நின்றேன்.

மதினி பிசைந்தாள். சாப்பிட்டாள். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். நிமிரவே இல்லை. அம்மா தட்டைப் பார்க்க வந்தாள். அவள்தான் எதையும் நேரில் பார்க்கிறவள் ஆயிற்றே. குழம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். "என்ன கண்றாவிடி இது?" என்று என்னைத் திட்ட ஆரம்பித்தவள், மதினியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். மதினி கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துத் தின்றுவிட்டு, கை கழுவப் போனாள்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் கேட்டது அடக்கம்டி. ஆத்தா எதைப் புடுங்கிட்டுப் போயிட்டா?" என்றாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

அதற்குப் பிறகு அம்மாவே அண்ணனை விரட்டினாள். உள்ளூர் டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் யோசித்து, மதுரையில் நரம்புக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவுக்கு எழுதிக் கொடுத்தார். எல்லோரும் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா மதினியை என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் மதினி 'உம்' என்றாள். மாத்திரையை மாற்றிப் பார்க்கலாமா, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டதற்கும், எப்படிச் செய்தாலும் சரி என்றாள். அவர் எங்கள் பக்கம் திரும்பி, முன்னால் எப்படி இருந்தார்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசினார். அம்மாடி! ஜன்மத்தில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தாசில்தார், ரங்கூன் ரேடியோ, இன்னொருதரம் ஆச்சி, முத்திரை குத்தின கதை, ஒன்று விடாமல் சொன்னார். எனக்கு உப்பளம் என்று பேர் வந்த கதையையும் அந்த டாக்டரம்மாவிடம் ஒப்பித்தார், பாவி மனுஷன். டாக்டரம்மா சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்போடு பேசுவது ஒருவகைச் சாறு வழியாகத்தானாம். சும்மா இரு என்று அமர்த்துகிற சாறு ஒன்று. எழுந்திரு, செய், பேசு என்று ஆசை காட்டுகிற சாறு ஒன்று. இன்னும் பல. வலிப்பு என்பது நிறைய நரம்புகள் ஒரே நேரத்தில் சேர்ந்து கத்துவது. நீங்கள் கொடுக்கிற மாத்திரை, சும்மா இரு என்கிற சாற்றுக்குப் பலம் கொடுக்கிறது, அதனால் கத்தல் நின்றுவிட்டது. ஆனால் சில பேருக்கு அதோடு சேர்ந்து ஆசையும் படுத்துவிடும் என்றார். வேறொரு மாத்திரை இப்போது வருகிறது, அது எல்லாவற்றையும் அமர்த்தாமல், விடாமல் கத்துகிற நரம்பைத்தான் அதிகம் பிடித்து நிறுத்துகிறது, அதைச் சாப்பிட்டவர்கள் சிலருக்கு முகம் தெளிந்து பார்த்திருக்கிறேன் என்றார்.

"எந்த மாத்திரை எந்தச் சாறை எவ்வளவு ஏத்தும், எவ்வளவு இறக்கும்னு இன்னும் முழுசாத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நான் பேசினா அது பொய். மாத்திப் பாக்கலாம். நடுவுல வலிப்பு திரும்ப வரலாம், அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கணும்" என்றார்.

அண்ணனுக்குத் தன் தொழில்தான் ஞாபகம் வந்தது. "ஊதுறதுல இருக்குங்கிறீக" என்றார். ஊதுகுழலில் பலமாக ஊதினால் நகையே உருகிவிடும். பலம் பத்தாவிட்டால் ஒட்டவைக்கிற பற்றாசு உருகி ஓடாது. டாக்டரம்மாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார். இனிமேல் கையில் இரும்பு கொடுக்கவேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், வாயில் எதையும் திணிக்கவும் கூடாது என்று அழுத்திச் சொன்னார். பழைய மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாதாம். நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து ஆளையே கொண்டுபோய்விடுமாம். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

அந்தச் சாறுகளின் பேரெல்லாம் டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். எனக்கு ஒன்றும் நிற்கவில்லை. வெகுகாலம் கழித்து, மருந்துப் படிப்புப் படித்த என் மகள் சொல்லித்தான் தெரியும், அமர்த்துவது காபா, ஆசை காட்டுவது டோபமைன், செரோட்டோனின் என்று இன்னொன்று. அந்தப் புது மாத்திரை டோபமைனையும் செரோட்டோனினையும் ஓரளவு கூட்டிக் கொடுக்கும் என்று சொல்கிறார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபடும், எல்லாம் தெரிந்துவிட்டது என்று இன்றைக்கும் யாரும் சொல்லமுடியாது என்றாள் அவளும். அதைக் கேட்டபோது அந்த டாக்டரம்மாவை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

மாத்திரைப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். பாதியாக உடைப்பது, காலாக உடைப்பது எல்லாம் அவள்தான். விழுங்கிய பிறகு மதினியை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். புது மாத்திரை முதலில் தலை சுற்றவைத்தது. ஒருநாள் என்னைப் பார்த்து, "ரெண்டாத் தெரியிற" என்றாள் மதினி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பழைய மதினியாக இருந்தால், ஒன்றையே தாங்க முடியவில்லை என்று ஆரம்பித்து என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்! அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா அளவைக் குறைத்து, இன்னும் நிதானமாகக் கூட்டச் சொன்னார். தலைச்சுற்றல் போனது.

பிறகு ஒருநாள் காலையில் விருந்தாளி வந்துவிட்டது. குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சரிந்தாள். அண்ணன் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சீக்கிரமே தெளிந்துவிட்டது. ஆனால் அம்மா ஆடிப்போனாள். பேச்சு வராவிட்டால் போகிறது, உயிராவது மிஞ்சட்டும், பழைய மாத்திரைக்கே போய்விடலாம் என்றாள். அம்மா சொல்வதிலும் நியாயம் இருந்தது. எனக்கே எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை.

"எனக்கு அவ வேணும்" என்றார் அண்ணன். அவ்வளவுதான். பட்டறைக்குள் போய்விட்டார்.

ஆனாலும் மதுரைக்கு அடுத்த தரம் போவதற்குள் மாற்றம் தெரியாவிட்டால், டாக்டரம்மாவிடம் சொல்லிப் பழைய மாத்திரையையே வாங்கி வந்துவிடுவது என்று முடிவாயிற்று. அண்ணனும் தலையாட்டிவிட்டார். விருந்தாளி மறுபடி வரவில்லை. மதினியும் வரவில்லை. முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்த மாதிரி எனக்கு ஒருநாள் தோன்றும், மறுநாள் தோன்றாது. மதுரைக்குப் போவதற்கு முதல் நாளும் வந்துவிட்டது.

அன்றைக்கு எனக்குச் சமையலில் மனசே ஓடவில்லை. கூடத்தில் அம்மா துணிப்பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பழைய மாத்திரைப் புட்டி காலியாகிவிட்டது. அதையும் அடையாளத்துக்கு எடுத்துப் பையில் போட்டாள்.  கீரைக் கடைசலும் குழம்பும் வைத்து இறக்கினேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார், என்னைப் பார்த்தார், அடுத்த வாயைப் பிசைந்தார். மதினி ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னத்தா, உப்பளத்துல இன்னைக்கு வேலைநிறுத்தமா?"

கரண்டி என் கையை விட்டுக் கீழே விழுந்தது. நான் அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. கீரையிலும் போடவில்லை. அந்த ஞாபகமே இல்லை. அம்மா வாயைப் பிளந்தபடி நின்றாள். அண்ணன் சோற்றுக்கையோடு எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார், அழுகையை மறைக்க. நான் மறைக்கவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். மதினி அதையும் விடவில்லை. அழுகிற தண்ணீரையாவது குழம்பில் விடு, உப்புச் சரியாகப் போய்விடும் என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாள் மதுரையில், புது மாத்திரையை மாற்றவேண்டாம் என்று அம்மாதான் முதலில் சொன்னாள்.

வாய் அடங்கிக் கிடந்த அந்த நாட்களில் எப்படி இருந்தது என்று பின்னால் ஒருதரம் மதினியிடம் கேட்டேன். "பேரு தோணாம இல்லத்தா. தோணும். அதச் சொல்லி என்னாகப் போகுதுன்னு அப்படியே கீழ போட்டுருவேன்" என்றாள். உப்புக் குழம்பை எப்படித் தின்றீர்கள் என்றதற்கு, உப்பாகத்தான் இருந்தது, வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வேண்டியிருக்கவில்லை என்றாள். புது மாத்திரைக்கு அவள் மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். நேரத்துக்குக் கவனிக்காவிட்டால் வீட்டில் கலகம் பண்ணுவாராம். மாப்பிள்ளை வந்தாச்சு, தண்ணி கொண்டா என்று பிள்ளைகளிடம் சொல்லி வாங்கி விழுங்குவாள். கடைசி வரைக்கும் விடாமல் விழுங்கினாள்.

மதுரையில் இருந்து வந்த அந்த வாரமே அம்மா பட்டறைக்குள் போய் நின்றாள். அந்த வெள்ளி நாக்குக்கு மெருகு போட்டுத் தா என்றாள். அண்ணன் முகம் இருண்டது. நேர்ந்தது நேர்ந்ததுதான், சாமி சொத்தைப் பட்டறையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அண்ணன் வேறு வழி இல்லாமல் தேய்த்துக் கொடுத்தார்.

நாட்டரசன்கோட்டைக்கு நாங்கள் மூன்று பெண்கள் போனோம். சந்நிதியில் நின்று அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மதினி அந்த வெள்ளி நாக்கை அப்போதுதான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தாள். யாரும் அவளுக்கு விவரம் சொன்னதில்லை. 

"யாருக்கு அத்தை அளவெடுத்தீக?" என்றாள். "உங்களுக்குன்னா இது பத்தாதே."

பூசாரி திரும்பிப் பார்த்தார். அம்மா அவளை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவளுக்கு உதடு துடித்தது, சிரித்துவிட்டாள். மருமகள் சொல்லுக்கு எங்கம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு நாக்கை உண்டியலில் போட்டுவிட்டு, கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே வேண்டிக்கொண்டாள்.

"ஆத்தா, நான் முன்ன கேட்டத மறந்துரு. இவ வாயி இப்படியே இருக்கட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னலோர இடத்துக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை. காரைக்குடி வரைக்கும் ஓயவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.